மூவர் எழுதியதும் ஒரு நாடு எழுதியதும்

நுழையும்முன்

நாடுகளுக்கு இடையிலான உறவைத் தூதர்களும் அமைச்சர்களுமே பேணிவந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வுறவைப் பற்றிய மக்களின் எண்ணம் கைப்பேசித் திரையில் உருவாகிறது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் அண்டை நாடாகிய மாலத்தீவை முன்னிட்டு எழுந்த பூசல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவ்வெண்ணம் உருவாகும் வகையை இப்பாடம் ஆராய்கிறது. இடையே ஆகுபெயர் என்னும் இலக்கணமும் வரும். முன் வகுப்பில் படித்ததை ஒருமுறை நினைவுகூர்ந்து, பிறகு தொடருங்கள்.

கடலில் இரு தீவுக்கூட்டங்கள்

நிலப்படத்தை விரித்துக்கொள்ளுங்கள். கேரளக் கரைக்கு மேற்கே கடலில் புள்ளிகளாகத் தெரிபவை இலட்சத்தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை 10. தென்கோடியில் இருப்பது மினிக்காய். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்றால் மாலத்தீவின் வடகோடித் தீவுகள் தொடங்கிவிடும். மினிக்காய் மக்கள் பேசும் மகல் மொழியும் மாலத்தீவின் திவேகி மொழியும் அடிப்படையில் ஒன்றே. இரண்டையும் தானா என்னும் எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவர். இடையில் நாட்டு எல்லை ஒன்று ஓடினாலும் மொழி அதற்கு முன்பே கடலைக் கடந்துவிட்டது. இலட்சத்தீவையும் மாலத்தீவையும் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு கடைகளைப் போல எதிரெதிரே நிறுத்திய பதிவுகளைப் பின்னர்ப் பார்க்கப்போகிறோம். அப்போது இச்செய்தி உங்கள் மனத்தில் இருக்கட்டும்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் உள்ளன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 5 இலட்சத்துக்குச் சற்று மேல். நாம் வாழும் பெருநகரின் ஒரு பகுதியில் அடங்கிவிடக்கூடிய தொகை. ஆயினும் தமிழருக்கு அந்நாடு புதியதன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் பழந்தீவுகள் மாலத்தீவே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் அங்குச் செல்கின்றன. சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும் வரை உலர்த்திய மாசிக்கருவாடு அங்கிருந்து நம் கடலோரச் சமையலறைகளுக்கு வந்தது. உங்கள் பாட்டியின் ஊர் கடற்கரை ஊராயின், அதன் மணத்தை அவரிடம் கேட்டாலே போதும். அரைமணி நேரம் பேசுவார்.

ஒரு வாரத்தில் நிகழ்ந்தது

2024 சனவரி 2, 3 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி இலட்சத்தீவுக்குச் சென்றார். கொச்சியையும் தீவுகளையும் இணைக்கும் கடலடி இணையக் கம்பித் திட்டம் முதலியவற்றைத் தொடங்கிவைத்தார். மறுநாள், வெண்மணற் கரையில் தாம் நடந்த படங்களையும் கடலில் மூழ்கி நீந்திய படங்களையும் தம் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்டார். அப்பதிவில் மாலத்தீவின் பெயரே இல்லை.

பெயரைச் சேர்த்தவர்கள் படிப்பவர்கள். ‘இனி மாலத்தீவு எதற்கு? இலட்சத்தீவு போதுமே’ என்று பலர் எழுதினர். அதைக் கண்ட மாலத்தீவினர் சிலர் மறுமொழி எழுதினர். அம்மறுமொழிகளுள், அந்நாட்டுத் துணையமைச்சர் மூவர் இந்தியாவையும் அதன் பிரதமரையும் இழித்து எழுதியவையும் இருந்தன. பதவியில் இருப்போர் எழுதத் தகாத சொற்கள் அவை. அவற்றை இங்கு எடுத்தெழுத வேண்டியதில்லை.

சனவரி 7 அன்று மாலத்தீவு அரசு, அவை தனிப்பட்டோர் கருத்துகள், அரசின் நிலைப்பாடு அல்ல என்று அறிவித்தது. மூவரையும் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தது. மறுநாள் தில்லியில் மாலத்தீவுத் தூதரை நம் வெளியுறவு அமைச்சகம் அழைத்துத் தன் வருத்தத்தைத் தெரிவித்தது. இவ்வளவில் அரசுகளின் வேலை ஏறத்தாழ முடிந்தது. திரையில் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

‘மாலத்தீவைப் புறக்கணிப்போம்’ என்னும் பொருளுடைய ஹேஷ்டேக் நாடெங்கும் பரவியது. திரைப்பட நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் இந்தியத் தீவுகளைப் போற்றி எழுதினர். பயண முன்பதிவு நிறுவனம் ஒன்று மாலத்தீவுக்கான வானூர்திச் சீட்டுகளை விற்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. முன்பதிவை நீக்கியதற்குச் சான்றாகத் திரைப்பிடிப்புப் படங்களைப் பலர் பகிர்ந்தனர். இவற்றிடையே ஒரு நகைப்புக்குரிய நிகழ்ச்சியும் உண்டு. இலட்சத்தீவின் அழகு என்று பகிரப்பட்ட படங்களுள் சில, மாலத்தீவில் எடுக்கப்பட்டவை! புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் பதிவிலும் அவ்வாறே நேர்ந்தது. புறக்கணிக்கச் சொன்ன கடலையே புகழ்ந்தனர். படத்துக்குப் பெயர் எழுதியிராவிட்டால் எந்தத் தீவு எந்த நாட்டினது என்று கண்ணால் சொல்ல இயலாது என்பதை இதனினும் தெளிவாக எவரும் மெய்ப்பிக்க முடியாது.

நாடு எழுதியதா?

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். அந்த வாரம் பரவிய வாக்கியங்களுள் இரண்டு வகை இருந்தன.

மாலத்தீவின் துணையமைச்சர் மூவர் இந்தியாவை இழித்து எழுதினர்.

மாலத்தீவு இந்தியாவை இழித்து எழுதியது.

இரண்டாம் வாக்கியத்தில் ‘மாலத்தீவு’ என்பது தீவைக் குறிக்கவில்லை, தீவு எழுதாது. இடத்தின் பெயர் அவ்விடத்து மக்களுக்கு ஆகி வந்தது. இதனை இடவாகுபெயர் என்பர். ‘ஊர் சிரித்தது’, ‘கபடியில் தமிழ்நாடு வென்றது’ என்பனவும் அத்தகையனவே. ஆகுபெயர் குற்றமன்று. அஃது இல்லாமல் ஒரு நாள்கூட நம்மால் பேச முடியாது. செய்தித்தாளின் தலைப்பு எழுதுவோர்க்கு அது பெருந்துணை.

ஆயினும் அது செய்யும் ஒரு வேலையைக் கூர்ந்து பாருங்கள். முதல் வாக்கியத்தின் எழுவாய் உயர்திணைப் பலர்பால். ‘எழுதினர்’ என முடிந்தது. இரண்டாவது ‘எழுதியது’ என அஃறிணை ஒன்றன்பாலில் முடிந்தது. மூவரைச் சுட்டிய வாக்கியத்தில் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களை எண்ணலாம், பெயர் கேட்கலாம், இடைநீக்கமும் செய்யலாம். நாட்டைச் சுட்டிய வாக்கியத்தில் மனிதர் மறைந்து, ஐந்து இலட்சம் பேர் ‘அது’ ஆயினர். ‘அது’வின்மீது சினம் கொள்வது எளிது. ‘அது’வுக்கு வீடு இல்லை, பசி இல்லை.

கபடியில் தமிழ்நாடு வென்றால் ஆடாத நாமும் மகிழ்கிறோம். அதே இலக்கணம் பழியிலும் செல்லும். ஆடாதவர் தலையிலும் ஏறும். நீங்கள் வளரும் ஊர்களில் தென்னிந்தியர் அனைவரையும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதைக் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் ஒருவன் செய்த குறும்புக்கு ‘நீங்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்னும் சொல்லைக் கேட்டு நின்ற மாணவரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இப்பகுதியை உங்களுக்கு நான் மிகுதியாக விளக்கத் தேவையில்லை.

சினம் ஏன் முந்துகிறது?

சமூக ஊடக நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் திரையில் எவ்வளவு நேரம் தங்குகிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஆகவே எந்தப் பதிவுக்கு விருப்பக்குறியும் மறுமொழியும் பகிர்வும் மிகுதியாக வருகின்றனவோ, அதை மேலும் பலர்முன் கொண்டு நிறுத்தும்படி அவற்றின் கணினி வழிமுறைகள் அமைக்கப்பட்டுள்ளன. ‘அது தனிப்பட்டோர் கருத்து’ என்னும் அரசறிக்கையைப் படித்தவர் தலையசைத்துவிட்டு அப்பால் செல்வார். ‘நம்மை இழித்துவிட்டார்கள்’ என்பதைப் படித்தவரோ பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் கைப்பேசியைக் கீழே வைப்பார். முதற்பதிவு நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டாவது நாட்டைச் சுற்றி வருகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ட்விட்டர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அவர்கள் ஆராய்ந்தனர். மெய்ச்செய்தியைக் காட்டிலும் பொய்ச்செய்தி பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று கண்டனர். தானியங்கிக் கணக்குகளால் மட்டும் இது நேரவில்லை. மனிதர்களே அவ்வாறு பகிர்ந்தனர் என்பது அவ்வாய்வின் முடிவு. பொறியை மட்டும் குறை கூறுவது நமக்கு வசதியாக இருக்கும். அந்த வசதியை அவர்கள் நமக்குத் தரவில்லை.

இது நம் கரையில் மட்டும் நிகழ்ந்ததன்று. மாலத்தீவில் ஏறத்தாழ 2020 முதலே ‘இந்தியாவே, வெளியேறு’ என்னும் பொருளுடைய முழக்கம் தெருவிலும் இணையத்திலும் ஒலித்துவந்தது. 2022 ஏப்பிரலில் அன்றைய குடியரசுத் தலைவர் இப்ராகிம் முகமது சோலி ஆணையிட்டு அதைத் தடைசெய்தார். தடை செய்ததால் அது அடங்கிவிடவில்லை. 2023 தேர்தலில் வென்ற முகமது முயிசு, அயல்நாட்டுப் படையினரை அகற்றுவதாக வாக்களித்திருந்தார். அங்கிருந்த இந்தியப் படையினர் 90க்கும் குறைவானவர்கள். இந்தியா வழங்கிய 2 ஹெலிகாப்டர்களையும் 1 டோர்னியர் வானூர்தியையும் இயக்குவது அவர்கள் பணி. தொலைதூரத் தீவுகளில் நோயுற்றோரைத் தலைநகர் மாலேக்குக் கொண்டுவர அவை பயன்பட்டன. தம் மண்ணில் பிறநாட்டுப் படை இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது அந்நாட்டு மக்களின் உரிமை. அதைக் குறை கூற நமக்கு இடமில்லை. ஆனால் ‘இந்தியப் படை நம் நாட்டில்’ என்ற நான்கு சொற்களைத் திரையில் படித்தவருக்குக் கண்முன் தோன்றுவது என்ன? நோயாளியைச் சுமந்துவரும் ஹெலிகாப்டரா, அணிவகுக்கும் படையா? எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டாலே போதும். பொய் எதுவும் சொல்லாமலே ஒரு பெரும் படையைக் கட்டிவிடலாம்.

ஹேஷ்டேக் பெறாத செய்திகள்

2024 ஏப்பிரல் 5 அன்று ஒரு செய்தி வெளிவந்தது. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை முதலிய இன்றியமையாப் பொருள்களை அவ்வாண்டு மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய இந்தியா ஒப்புதல் அளித்தது. அரிசி 1,24,218 டன். வெங்காயம் 35,749 டன். முட்டை 42 கோடிக்கு மேல். ஆற்றுமணலும் கருங்கல் சல்லியும் தலா 10 இலட்சம் டன். 1981இல் இவ்வேற்பாடு தொடங்கிய பின்னர் ஒப்புதல் அளிக்கப்பட்ட மிகப் பெரிய அளவு இதுவே. பல பொருள்களின் ஏற்றுமதிக்கு அப்போது நம் நாட்டில் கட்டுப்பாடு இருந்தது; மாலத்தீவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

திரையில் பகை உச்சத்தில் இருந்த அதே பருவத்தில், அரசுகள் முட்டையும் வெங்காயமும் எண்ணிக்கொண்டிருந்தன. வெங்காயத்துக்கு ஹேஷ்டேக் கிடையாது. 2014 திசம்பரில் மாலேயின் குடிநீர் நிலையம் தீப்பற்றியபோது, வானூர்திகளிலும் கடற்படைக் கப்பல்களிலும் இந்தியா குடிநீர் அனுப்பியது. அந்நிகழ்ச்சியை நம் வகுப்பில் கேட்டபோது எவரும் அறிந்திருக்கவில்லை. மூவர் எழுதிய சொற்களையோ அனைவரும் அறிந்திருந்தனர்.

புறக்கணிப்பு என்ன செய்தது? 2023இல் மாலத்தீவுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 2 இலட்சத்து 9 ஆயிரம். அவ்வாண்டு எந்த நாட்டினரினும் இந்தியரே மிகுதி. 2024இல் அத்தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. அதே ஆண்டில் அந்நாட்டுக்கு வந்த பயணிகளின் மொத்தத் தொகையோ கூடி, 20 இலட்சத்தைக் கடந்தது. சீனர் முதலிடம் பெற்றனர். ஆகவே ‘மாலத்தீவு அழிந்தது’ என்று பகிர்ந்ததும் மெய்யன்று. ‘ஒன்றும் நேரவில்லை’ என்பதும் மெய்யன்று. இந்தியக் குடும்பங்களை நம்பிச் சிறு விடுதி நடத்தியவருக்கு மொத்தத் தொகை கூடியதால் ஆறுதல் கிடைத்திராது. விடுமுறையை எங்குக் கழிப்பது என்பது அவரவர் விருப்பம். எவரையும் வற்புறுத்த முடியாது. இழிசொல் கேட்டவர் சினந்ததும் இயல்பே. அச்சினம் சென்று சேர்ந்த முகவரியைத்தான் நாம் ஆராய்கிறோம்.

தூதும் பதிவும்

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் ‘தூது’. ஓர் அரசன் சொல்லியனுப்பியதை மற்றோர் அரசனிடம் எடுத்துரைப்பவன், குற்றமான சொல் வாய்சோர்ந்தும் வராத உறுதி உடையவனாக இருக்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. காலமும் இடமும் அறிந்து பேச வேண்டும் என்பதும் அங்கே உண்டு. திரையில் பேசுவோருக்குக் காலம் எப்போதும் ‘இப்போதே’. இடம் எப்போதும் எல்லா இடமும்.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கூறும். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். உன்னுடைய வேல்கள் நெய்பூசி மாலைசூட்டி அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவையார் சொன்னார். மேலோட்டமாகக் கேட்பவருக்கு அது தொண்டைமானைப் புகழ்ந்தது போலத் தோன்றும். கேட்க வேண்டியவனோ உட்பொருளை உணர்ந்தான். அவன் அவையில் ஒருவர் அப்பேச்சின் முற்பாதியை மட்டும் பதிவு செய்து அதியமான் நாட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘ஔவை பகைவனைப் புகழ்ந்தார்’ என்று தகடூர் கொதித்திருக்கும். (‘தகடூர் கொதித்தது’ என்பதும் இடவாகுபெயரே.) தூதின் சொல்லுக்கு, அதைக் கேட்பவர் முழுமையாகக் கேட்கும் அவகாசம் தேவைப்படுகிறது.

அதன் பிறகு

2024 மே 10க்குள் இந்தியப் படையினர் திரும்பினர்; அவர்கள் இயக்கிய வானூர்திகளை இயக்க இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சென்றனர். அக்டோபரில் முயிசு அரசுமுறைப் பயணமாகத் தில்லிக்கு வந்தார். 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் அளவிலான நாணய மாற்று உடன்பாடு ஏற்பட்டது. 2025 சூலை 26 அன்று மாலத்தீவு விடுதலை பெற்றதன் 60ஆம் ஆண்டு விழாவில் இந்தியப் பிரதமர் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டார். புறக்கணிப்புப் படங்களைப் பகிர்ந்தவருள் எத்தனை பேர் இவற்றையும் பகிர்ந்திருப்பர் என்று உங்கள் வீட்டுக் கைப்பேசிகளில் தேடிப் பார்க்கலாம்.

மாலத்தீவுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இந்தியர் பலர் பணியாற்றுகின்றனர். சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்து வாடகை வீடு எடுத்துத் தங்கும் மாலத்தீவுக் குடும்பங்கள் பல. என்னோடு பி.எட். பயின்ற நண்பர் ஒருவர் அங்குள்ள சிறு தீவொன்றில் கணக்காசிரியர். அந்தச் சனவரியில் ஊரிலிருந்து உறவினர் பலர் அவரை அழைத்து, ‘உனக்கு அங்கு ஆபத்தில்லையே?’ என்று கேட்டனராம். அவர் சொன்னது இது: ‘வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். பிறகு வழக்கம்போல் வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் சொன்னார்கள்.’

அருஞ்சொற்பொருள்

மெய்க்கீர்த்தி – கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைக் கூறும் பகுதி. தோணி – சரக்கு ஏற்றும் மரக்கலம். வாய்சோர்தல் – தவறிப் பேசுதல். கொட்டில் – படைக்கலம் வைக்கும் இடம். உலைக்களம் – கொல்லன் இரும்பைக் காய்ச்சும் இடம்.

பயிற்சி

1. பின்வரும் வாக்கியங்களில் உள்ள இடவாகுபெயர்களை எடுத்தெழுதுக. ஒவ்வொன்றும் யாரைக் குறிக்கிறது என்று கண்டு, அவர்களையே எழுவாயாக வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதுக. வினைமுற்றின் திணையும் பாலும் மாறுவதைக் கவனிக்க.
அ) தில்லி வருத்தம் தெரிவித்தது. ஆ) உலகக் கோப்பையை இந்தியா வென்றது. இ) அவன் பேச்சைக் கேட்டு ஊர் சிரித்தது.

2. ‘எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டாலே போதும், பொய் எதுவும் சொல்லாமலே ஒரு பெரும் படையைக் கட்டிவிடலாம்.’ இவ்வாக்கியத்தின் பொருளைப் பாடத்திலுள்ள செய்தியைக் கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக. இதனை ஏற்கிறீர்களா? ஏற்காவிடில் உங்கள் காரணத்தை எழுதுக.

3. மினிக்காய் மக்களையும் மாலத்தீவு மக்களையும் இணைப்பது எது? அதுபோல எல்லைக்கு இருபுறமும் ஒரே மொழி பேசப்படும் வேறோர் இடத்தை நிலப்படத்தில் கண்டு எழுதுக.

4. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிறநாடு ஒன்றைப் பற்றி வந்த செய்தியைத் தேர்ந்தெடுக்க. அதைச் சொன்னவர் யார், என்று சொன்னார், படம் இருப்பின் எங்கு எடுத்தது என்பவற்றை ஆராய்க. பிறகு, அச்செய்தியை அனுப்பிய சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ, அவர் மனம் நோகாதவாறு அதன் உண்மையைக் கேட்டு, தமிழில் ஒரு மடல் எழுதுக. (‘வாய்சோராமை’ கருத்தில் இருக்கட்டும்.)